கப்பலில் அம்மாவின் கேத்தில்

போன ஜூன் மாதம், ஐயோனா என்ற உல்லாசக் கப்பல் நோர்வேயின் ஓல்டன் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலை. "டிக்" என்ற சத்தத்தில் எனக்கு முழிப்பு வந்தது. கேத்தில் கொதித்து அணைந்த சத்தம். மணி நாலே முக்கால். வெளியே அதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. திரைச்சீலையை ஒரு சாண் மட்டும் விலக்கி வைத்து, அந்த வெளிச்சத்தில் அம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டன் வீட்டில் அவர் தேத்தண்ணி போடுவதை நான் நின்று பார்த்ததே கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சில்வர் பேணி ஒன்றில் தேயிலைத் தூளைப் போட்டு, கொதிதண்ணீரை ஊற்றிச் சாசரால் மூடினார். மற்றப் பேணியில் குவித்து இரண்டு கரண்டி பால்மா, ஒரு சொட்டுச் சுடுதண்ணீர். கட்டி படாமல் களிபோல வரும்வரை கரைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் சாயம் இறங்கிவிட்டது. வடியை வைத்து ஊற்றி, இரண்டு தரம் ஆற்றினார். மேலே நுரை வந்தது. எனக்குச் சீனி போட்டது, அவருக்குச் சீனியில்லாதது.

"எழும்பு பிள்ளை, மலை வருது, பார்" என்று கோப்பையை நீட்டினார். இரண்டு பேரும் பால்கனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தோம். பக்கத்தில் மலை, அதிலிருந்து நூல்நூலாக இறங்கும் அருவிகள், கையில் எங்கள் ஊர் சாவகச்சேரித் தேத்தண்ணி. அம்மாவுக்கு 76 வயது. அவர் அவ்வளவு ஆறுதலாக இருந்து நான் கண்டு கனகாலம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் போன கப்பல். பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவு, ஒரு அமெரிக்கக் கம்பெனியின் கப்பல். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சாப்பாடு நல்லது, வேலை செய்தவர்கள் தங்கமான ஆட்கள். ஆனால் அறைக்குள் கேத்தில் இல்லை. இருக்காது என்று யாரோ சொல்லியிருந்தபடியால் சின்னப் பயணக் கேத்தில் ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஏறும்போது எக்ஸ்ரேயில் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். ஒரு துண்டு தந்து, இறங்கும் நாளில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அம்மா ஐம்பது வருடமாக விடிய ஐந்து மணிக்குள் எழும்பித் தேத்தண்ணி குடிக்கிறவர். இப்போது அதோடு இரண்டு பிஸ்கட்டும் குளிசையும் சேர்ந்துவிட்டன. அந்தக் கப்பலில் அதற்காக அவர் இரவு உடுப்பை மாற்றி, தலை இழுத்து, நீளமான நடைபாதை முழுதும் நடந்து, லிஃப்ட் ஏறி, மேல்தட்டுச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகவேண்டியிருந்தது. முழங்கால் நோவோடு. அங்கே காபி வருகிற அதே மெஷினில்தான் சுடுதண்ணீரும் வரும். காபி மணத்தோடு, தொட்டால் சுடும், ஆனால் கொதிக்காது. "கொதிக்காத தண்ணியிலை தேயிலை இறங்காது பிள்ளை" என்றார் முதல் நாள். உண்மைதான். கறுப்புத் தேயிலைக்குத் தண்ணீர் கொதித்த சூட்டோடு வேண்டும். அறைக்கு அழைத்துக் கேட்டால் பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். அது வந்து சேரும்போது இன்னும் ஆறியிருக்கும்.

நாலாம் நாள் அம்மா தேத்தண்ணி கேட்கவே இல்லை. எட்டு மணிக்கு எங்களோடு காலைச் சாப்பாட்டுக்கு வரும்வரை கட்டில் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தலையிடி என்றார். நாங்கள் எழும்பிவிடுவோம் என்று லைட்டையும் போடவில்லை. அந்தக் காட்சி எனக்கு இன்றும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

அந்தக் கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை. கடலில் கப்பலுக்குப் பெரிய பயம் நெருப்பு. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்செஸ் என்ற கப்பல் கரீபியன் கடலில் போகும்போது ஒரு பால்கனியில் பிடித்த தீ, மளமளவென்று பக்கத்துப் பால்கனிகளுக்கும் மேல்தட்டுகளுக்கும் பரவியது. அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று விசாரணை சொன்னது. ஒருவர் இறந்தார். ஆகவே சூடாக்கும் சாமான் எதையும் பயணிகள் கொண்டுவரக்கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. கேத்தில், அயன் பெட்டி, வாளிக்குள் போட்டுத் தண்ணீர் சுடவைக்கும் சுருள்கம்பி, மெழுகுதிரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். சொந்தக் கேத்திலை எந்தக் கப்பலுக்கும் கொண்டுபோகாதீர்கள். நான் செய்தது பிழை.

ஆனால் கப்பலே அறைக்கு ஒரு கேத்தில் வைத்துத் தருவது வேறு கதை. அது அவர்களே வாங்கி, அவர்களே சோதித்து, தானாக அணையும்படி வைத்திருப்பது. பிரிட்டிஷ் ஆட்களை நம்பி ஓடும் கப்பல்களில் அது கட்டிலும் தலையணையும் போல. பி அண்ட் ஓ என்ற கம்பெனியின் கப்பல்களில் இருக்கிறது. கியூனார்ட் கம்பெனியின் குயின் மேரி 2 போன்றவற்றிலும் இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கு ஓடும் கப்பல்களில் பெரும்பாலும் இல்லை. சிலவற்றில் காபி மெஷின் மட்டும் இருக்கும், சிலவற்றில் கேட்டால் கேத்தில் கொண்டுவந்து தருவார்கள்.

இந்த வித்தியாசம் வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட். சாதாரண சாக்கெட்டில் 1500 வாட் கேத்தில்தான் பாவிக்கலாம். இங்கே பிரிட்டனில் 230 வோல்ட், 3000 வாட் கேத்தில். அதே அளவு தண்ணீர் கொதிக்க அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அவர்கள் காபி மெஷினோடு வாழ்கிறார்கள், இங்கே விருந்தாளி வந்தால் முதலில் தட்டுவது கேத்தில் சுவிட்சை. கப்பலும் அதைக் கட்டியவர்கள் யாரை மனதில் வைத்தார்களோ அவர்கள் வீடு மாதிரித்தான் இருக்கும்.

ஐயோனா பி அண்ட் ஓ கம்பெனிக்காக 2020இல் கட்டி முடித்த கப்பல். 5,200 பேர் போகலாம். சவுத்ஹாம்டனில் ஏறினால் விமானம் ஏறத் தேவையில்லை. அறையில் ஒரு தட்டு, அதில் கேத்தில், இரண்டு கோப்பை, தேயிலைப் பை, பொடிக் காபிப் பக்கெட்டுகள், சீனி, விரலளவு டப்பிகளில் கனநாள் கெடாத பால். சுவரில் நம் வீட்டு மூன்று முனை சாக்கெட். சின்னக் குளிர்பெட்டியும் உண்டு. அந்த டப்பிப் பாலுக்கு ஒரு வேகவைத்த மணம் இருக்கிறது, பலருக்குப் பிடிக்காது. அறை பார்க்கும் தம்பியிடம் சொன்னால் ஒரு சின்ன ஜாடியில் நல்ல பால் கொண்டுவந்து தருவார், குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பால்மாத் தேத்தண்ணியின் பெருமை அதுதான். பால் காய்ச்ச அடுப்பு வேண்டாம், கொதிதண்ணீர் இருந்தால் காரியம் முடிந்தது. ஃபில்டர் காபிக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். டிகாஷன் இறங்கிவிடும், பாலை எங்கே காய்ச்சுவது? இந்தியத் தோழி ஒருத்தி பால் கோப்பையைக் கொதிதண்ணீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் வைத்துச் சூடாக்கிச் சமாளித்ததாகச் சொன்னாள்.

இன்னொரு விஷயம். குளியலறை வாஷ்பேசின் குழாய் தாழ்வாக இருக்கும், கேத்தில் அதன் கீழே போகாது. அம்மா முதல் நாளே கோப்பையால் மொண்டு ஊற்றக் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தண்ணீர் குடிக்கக்கூடியதுதான். கப்பல்களில் கடல்நீரை ஆவியாக்கியோ சவ்வு வழியாக அழுத்தி வடித்தோ நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். லண்டனில் எங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. வெறுந்தேத்தண்ணி போட்டால் மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிதக்கும், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். கப்பலில் வெறுந்தேத்தண்ணி கண்ணாடி மாதிரிச் சிவப்பாக இருந்தது. "இது ஊர்க் கிணத்துத் தண்ணி நிறம்" என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார் அம்மா.

அறை பார்த்த தம்பி கோவாக்காரர். மூன்றாம் நாள் தானாகவே இன்னும் நாலு கோப்பை கொண்டுவந்து வைத்தார். ஏனென்றால் அதற்குள் எங்கள் அறை ஒரு தேத்தண்ணிக் கடை ஆகிவிட்டது. காலையில் பக்கத்து அறையிலிருந்து என் கணவரும் மகனும் வருவார்கள். பின்னேரம் எதிர் அறை வெள்ளைக்கார அம்மா ஒருவர் வருவார், அவர் தனியாக வந்தவர். இஞ்சித் தேத்தண்ணியை அவருக்குப் பழக்கியது என் அம்மா. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் கொஞ்சம்தான், அது போதுமாக இருந்தது. முதல் கப்பலில் யாராவது தேத்தண்ணி தருவார்களா என்று பார்த்திருந்த மனுஷி, இங்கே வருகிற எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு பின்னேரம் அம்மா தன் பெரியையாவைப் பற்றிச் சொன்னார். அறுபதுகளில் கொழும்புத் துறைமுகத்தில் ஏறி, சூயஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்துக்கு வந்தவர். அதுவும் பி அண்ட் ஓ கப்பல்தான். இந்தக் கம்பெனியின் கப்பல்கள் அந்தக் காலத்தில் கொழும்பில் நின்று போகும். விடியப்புறம் அறைக் கதவைத் தட்டி, ஆள் ஒருவர் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கட்டிலடிக்கே கொண்டுவந்து தருவாராம். பெரியையா அதை ஊருக்குக் கடிதமாக எழுதினாராம். "படுத்த பாயிலை வெள்ளைக்காரன் தேத்தண்ணி தாறான்" என்று அந்தக் கடிதத்தை வீட்டில் எல்லாரும் திரும்பத் திரும்ப வாசித்தார்களாம். அப்போது அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை. அதை நினைத்துக்கொண்டே ஐயோனாத் தேத்தண்ணித் தட்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு கப்பலில் போக யோசிக்கிறீர்கள் என்றால், பால்கனியையும் துறைமுகங்களையும் பார்ப்பதற்கு முன் கம்பெனிக்கு ஒரு போன் எடுத்து, உங்கள் அறை வகையில் கேத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், கேட்டால் தருவார்களா என்று கேட்டு, பதிவிலேயே எழுதுவியுங்கள். பால்மா, தேயிலை, வடி, இரண்டு பேணி, சின்னக் கரண்டி ஒன்று. இவ்வளவும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடவேண்டும், அவர்களே இறக்கிவிடுவார்கள். எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டிவிட்டுத் திரும்பினால், பால்மாப் பக்கெட்டும் பேணிகளும் கேத்திலுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தன. "இதை ஏன் வைக்கேல்லை?" என்று கேட்டேன்.

"விடியக் குடிச்சிட்டு இறங்குவம்" என்றார் அம்மா. "நான் அதைக் கைப்பையிலை கொண்டு வாறன்."