முதல் காசு ஊசிக்கு

ரெக்கோட் செற் வாங்க வெளிக்கிடுமுன் அலுமாரிக்கு மேலே கிடக்கும் ரெக்கோட் பெட்டியை இறக்கிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் மூன்று வகையும் கலந்து கிடக்கும். 10 அங்குல, பாரமான, கைதவறினால் ஓடு மாதிரி நொறுங்கும் அரக்குத் தட்டு என்றால் அது நிமிடத்துக்கு 78 சுற்று. 7 அங்குலச் சின்னத்தட்டு பெரும்பாலும் 45. 12 அங்குல எல்பி 33⅓. எல்பி 1948 இல் அமெரிக்காவில் வந்துவிட்டாலும் இந்தியாவில் 78 தட்டுகள் 1960களிலும் அச்சாகின. அதனால் எங்கள் வீடுகளில் நாதஸ்வரமும் பழைய சினிமாப் பாட்டும் 78 இல் இருப்பது சாதாரணம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் ஊசி. எல்பி ஊசியின் நுனி ஆரை ஏறக்குறைய 0.0007 அங்குலம், 78 ஊசியினது 0.003 அங்குலம். எல்பி ஊசியை 78 இல் வைத்தால் அது பாட்டு வெட்டிய பள்ளத்தின் சுவரில் தாங்காமல் அடியில் கிடந்து தத்தளிக்கும். பாட்டைவிட இரைச்சல்தான் கூடக் கேட்கும், அரக்குத் தட்டில் கலந்த கல்தூள் ஊசியையும் அராவிவிடும். 78 ஊசியை எல்பியில் வைத்தால் எல்பி போச்சு.

ரெக்கோட்டைத் தொடுகிற ஒரே சாமான் ஊசி. அம்பிளிபயர் மலிவாக இருந்தால் சத்தம் கொஞ்சம் மட்டமாக இருக்கும், அவ்வளவுதான். ஊசி பிழைத்தால் திரும்பக் கிடைக்காத தட்டு அழியும். கையில் இருக்கும் காசைப் பத்துப் பங்காக்கினால் ஐந்தைப் பிளேயருக்கும் ஊசி பூட்டிய காட்ரிட்ஜுக்கும், மூன்றை ஸ்பீக்கருக்கும், இரண்டை அம்பிளிபயருக்கும் போடுங்கள். சூட்கேஸ் வடிவில் வரும் பிளேயர்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவற்றில் பெரும்பாலும் செராமிக் காட்ரிட்ஜ், 5 கிராம் அளவில் அழுத்தும், பாரத்தைச் சரிசெய்ய வழியும் இருக்காது.

புதிதாக வாங்குவதென்றால் ஓடியோ டெக்னிக்காவின் ஏடி-எல்பி60எக்ஸ் மாதிரியான ஒன்று போதும். ஊசி மாற்றலாம், காட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ பிரிஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதில் 33⅓, 45 மட்டும்தான், 78 ஓடாது. 78 உள்ளவர்கள் மூன்று வேகமும் கொண்ட பிளேயரைத் தேடி, அரை அங்குல இடைவெளித் திருகாணியில் பூட்டும் காட்ரிட்ஜ் போடுவது நல்லது. ஏடி-விஎம்95ஈ பூட்டினால் அதே உடம்பில் எல்பி ஊசியைக் கழற்றி 78 ஊசியைச் செருகலாம். இரண்டு காட்ரிட்ஜ் தேவையில்லை.

பலர் தேடுவது ஜப்பானில் பாவித்த பழைய பிளேயர். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது 100 வோல்ற் சாமான், எங்கள் சுவரில் 230. ஸ்ரெப் டவுன் ரான்ஸ்போமர் வேண்டும், அதிலும் வெளியே 100 வருவதைப் பாருங்கள். 110 என்று விற்பவை லைன் கூடும் நேரத்தில் இன்னும் ஏறி, சாமானைச் சூடாக்கும். மற்றச் சிக்கல் ரான்ஸ்போமரால் தீராதது. மேற்கு ஜப்பானில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. பெல்ற்றில் ஓடும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டர் கரண்டின் ஹேர்ட்ஸைப் பார்த்தே சுற்றும். 60க்குச் செய்த கப்பி இங்கே 33⅓ க்குப் பதிலாக ஏறக்குறைய 27.8 சுற்றுத்தான் சுற்றும், பாட்டு நித்திரைத் தூக்கத்தில் பாடுவது போலக் கேட்கும். 50 ஹேர்ட்ஸ் கப்பி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் டிசி மோட்டர் உள்ளதையோ பெல்ற் இல்லாமல் மோட்டரே நேரே சுற்றும் டைரக்ட் டிரைவையோ எடுங்கள், அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

வேகத்தை அளக்க மெஷின் வேண்டாம். பிளேயரின் சுழலும் தட்டின் விளிம்பில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, ஊசியை ரெக்கோட்டில் ஓடவிட்டபடி, மூன்று நிமிடத்தில் எத்தனை முறை வருகிறதென்று எண்ணுங்கள். 33⅓ என்றால் சரியாக 100 வர வேண்டும். 45 க்கு இரண்டு நிமிடத்தில் 90. டிசி மோட்டர்கள் பலவற்றின் அடியில் சின்னத் துளை இருக்கும், அதற்குள் இருக்கும் திருகாணியைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மயிரளவு திருப்பிவிட்டு மறுபடி எண்ணுங்கள். பழைய பெல்ற் எங்கள் வெக்கையில் தார் மாதிரி உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். அதை ஐசோபுறப்பைல் அல்ககோலால் துடைத்தெடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும். அளவுக்கு, பெல்ற் ஓடும் பாதையை நூலால் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் குறைவானதை வாங்கினால் சரியாக இறுகும்.

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மாதிரியான இடத்தில் வாங்கிப் பஸ்ஸில் ஏற்றுவதென்றால் சுழலும் தட்டையும் ஊசிக் கையின் பின்முனையில் இருக்கும் எதிர்ப்பாரத்தையும் கழற்றித் தனியே சுற்றுங்கள். ஊசிக்கு மூடி போட்டு, கையை நூலால் கட்டிவிடுங்கள். தட்டைக் கழற்றாமல் அனுப்பினால் வரும் வழிக் குலுக்கலில் அச்சாணி அடிபடும்.

அடுத்தது அம்பிளிபயர். மூவிங் மக்னற், அதாவது ஊசியோடு சின்னக் காந்தம் ஆடும் காட்ரிட்ஜ், தருவது 4 மில்லிவோல்ற் அளவுதான். அதோடு ரெக்கோட் வெட்டும்போது பேஸைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டி வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பேஸுக்குப் பள்ளம் அகன்று நேரம் போதாது. அதைத் திருப்பிச் சரிசெய்வது போனோ பிரிஆம்ப். பழைய அம்பிளிபயரின் பின்பக்கம் போனோ என்று எழுதியிருந்தால் அது உள்ளேயே இருக்கிறது. போனோ இல்லாத ஓக்ஸ் (AUX) துளையில் நேரே செருகினால் சத்தம் தகரம் தட்டுவது போல் மெலிதாக வரும். பிளேயருக்குள் பிரிஆம்ப் இருந்து, அதை அணைக்காமல் அம்பிளிபயரின் போனோவிலும் செருகினால் கரகரவென்று பிளக்கும். இரண்டில் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும்.

வருடக்கணக்காகக் கிடந்த அம்பிளிபயரை நேரே பிளக்கில் போடாதீர்கள். றேடியோ திருத்துபவர்கள் செய்வது போல 60 வாற் இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்துக் கரண்ட் கொடுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பல்ப் ஒருகணம் பிரகாசித்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷோர்ட், உடனே எடுத்துவிடுங்கள். மங்கினால் பல்ப்பை நீக்கி, ஸ்பீக்கர் பூட்டாமல், வொல்யூமைக் குறைத்து வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ற்றுக்குக் கீழ் என்றால் பூட்டலாம். 100 ஐத் தாண்டினால் ஸ்பீக்கர் பூட்டாமல் திருத்தக் கொடுங்கள். வொல்யூம் திருப்பும்போது கரகரத்தால் கொன்டாக்ற் கிளீனர் இரண்டு துளி விட்டு, குமிழை இருபது முப்பது தரம் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

ஸ்பீக்கரில் 8 ஓம், 6 அங்குலக் கூம்பு, 20 வாற் அம்பிளிபயர். ஒரு விறாந்தைக்கு இது தாராளம். பழையது வாங்கினால் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். ஸ்பொஞ்ச் விளிம்பு இங்கத்தைய வெக்கைக்கும் ஈரத்துக்கும் பிஸ்கற் மாதிரி உதிர்ந்துவிடும், றப்பர் விளிம்பே நிற்கும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கூட்டலும் கழித்தலும் மாறினால் பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ற் பற்றறியை வயர் முனையில் ஒருகணம் தொடுங்கள். பற்றறியின் கூட்டல் ஸ்பீக்கரின் கூட்டலில் பட்டால் கூம்பு வெளியே துள்ளும்.

காட்ரிட்ஜ் வயர்: வெள்ளை இடது கூட்டல், நீலம் இடது கழித்தல், சிவப்பு வலது கூட்டல், பச்சை வலது கழித்தல். குறட்டால் வயரின் தகட்டுக் கிளிப்பை மட்டும் பிடியுங்கள், வயரை இழுத்தால் மயிர் மாதிரி அறும். பிறகு கை உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் அன்ரிஸ்கேற்றைப் பூச்சியத்தில் வைத்து, எதிர்ப்பாரத்தைத் திருப்பி, கை மேலும் கீழும் போகாமல் காற்றில் மிதக்கும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். அங்கே எண் வளையத்தைப் பூச்சியமாக்கி, காட்ரிட்ஜ் கேட்கும் பாரத்துக்குத் திருப்புங்கள். விஎம்95ஈ என்றால் 2 கிராம். அன்ரிஸ்கேற்றையும் அதே எண்ணில் வைக்கலாம். பாரம் குறைந்தால் ரெக்கோட்டுக்கு நல்லதென்று சிலர் நினைக்கிறார்கள், அது பிழை. குறைந்த பாரத்தில் ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், அந்த அடிதான் சுவரைப் பிய்க்கும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், வளையத்தின் எண்ணைவிட அதை நம்பலாம்.

‘ம்ம்ம்’ என்று உறுமினால் பிளேயரின் எர்த் வயர் அம்பிளிபயரின் எர்த் திருகாணியில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பத்தில் எட்டுத் தரம் அதுதான். பூட்டிய பிறகும் உறுமினால் ரான்ஸ்போமரைப் பிளேயரிலிருந்து தள்ளி வையுங்கள். வொல்யூம் கூட்டும்போது மட்டும் ஊளையிட்டால் ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் நிற்கின்றன. எங்கள் பழைய கல்வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டிய சீமெந்துத் தட்டு இருக்குமே, பிளேயருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

தட்டைக் கழுவக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுபவை. கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளை பள்ளத்துக்குள்ளும் படிந்து, காய்ந்ததும் சடசடக்கும். பற்றறிக்கு விடும் வடித்த தண்ணீரை வாங்குங்கள், அசிட் கலக்காததா என்று போத்தலைப் பார்த்துக்கொண்டு. ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி, மென்மையான துணி, பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைப்பு. லேபல் நனையக் கூடாது. கடைசியில் வெறும் வடித்த தண்ணீரால் ஒருதரம் அலசி, வெயிலில் அல்ல, நிழலில் நிமிர்த்திக் காய வையுங்கள். 78 இல் மட்டும் அல்ககோல் ஒரு துளியும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.