மணலில் கிடந்த ஈரம்

2018 பிப்ரவரியில் பாம்பனில் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரி 3-ம் தேதி ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை விவகாரம் வெளியே வந்ததிலிருந்து எங்கள் குழுவில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர்களை ஜிசிசி 7.3 கம்பைலரில், ரெட்போலின் என்ற தடுப்பு உத்தியோடு மறுபடி கம்பைல் செய்வது என் பொறுப்பு.

அன்று விடியற்காலையில், வாடைக்காற்று தணிந்துவிடும் என்று நம்பி சித்தப்பா நாட்டுப்படகில் ஐஸ் ஏற்றினார். தணியவில்லை. இறக்கிவிட்டார். அப்புறம் வந்த மீன் வியாபாரி கரையைப் பார்த்த மாத்திரத்தில், "ரெண்டு நாளைக்குப் போக ஏத்துனீங்களாண்ணே?" என்று கேட்டார். படகு காலி, ஆனால் மணலில் ஈரம் கிடந்தது.

ப்ராசஸரிலும் இதேதான் நடக்கிறது. அடுத்து எங்கே தாவ வேண்டியிருக்கும் என்று ஊகித்து முன்னாலேயே ஓடுகிறது. ஊகம் தப்பினால் செய்ததை அழித்துவிடும். கேஷ் என்ற வேக நினைவகத்துக்கு வந்த தரவு மட்டும் அங்கேயே கிடக்கும். எது சீக்கிரம் வருகிறது என்று நேரத்தை அளந்தே ரகசியத்தை உருவிவிடலாம்.

கூகுளின் பால் டர்னர் கொண்டுவந்த ரெட்போலின், எங்கே தாவுவது என்ற ஊகத்தைத் திசைதிருப்பும் ஸ்பெக்டரின் இரண்டாம் வகைக்கான மருந்து. ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) உள்ள முகவரிக்குத் தாவும் கட்டளையை எடுத்துவிட்டு, ஒரு 'கால்' (அழைப்பு), ஒரு 'ரெட்' (திரும்புதல்) என்று கம்பைலர் மாற்றி எழுதும். 'ரெட்' திரும்பும் என்று ப்ராசஸர் ஊகிக்கிற இடத்தில் பாஸ் (சற்று நில்), எல்ஃபென்ஸ் (ஊகத்தைத் தடுக்கும் வேலி), மறுபடி அதே இடத்துக்கு ஜம்ப். மூன்றே வரி. ஊகம் அதிலேயே சுற்றிக் கிடக்க, நிஜ ஓட்டம் ஸ்டாக்கில் எழுதிவைத்த முகவரிக்குப் போய்விடும். முதல்முறை டிஸ்அசெம்பிளியில் அதைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பில்ட் முடிந்தது. 'ஆயிற்று' என்று மெயில் எழுதப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று பில்டைக் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பை ஓட்டி, நட்சத்திரக் குறி போட்ட ஜம்ப்களை, அதாவது இன்னும் மாறாத அந்தத் தாவல்களைத் தேடினேன். இரண்டு இருந்தன. வேகத்துக்காக யாரோ எப்போதோ கையால் எழுதிய அசெம்பிளி ஃபைல். கம்பைலர் அதைத் தொடவே தொடாது. இரண்டையும் நானே ரெட்போலினாக மாற்றி எழுதினேன். கொஞ்சம் வேகம் குறைந்தது, பரவாயில்லை.

எல்லைச் சோதனையை ஊகத்தில் தாண்டிவிடும் ஸ்பெக்டரின் முதல் வகைக்கு ரெட்போலின் உதவாது. அர்ரே எல்லையைச் சோதிக்கும் இடங்களில் எந்த இண்டெக்ஸ் வெளியாள் கொடுப்பது என்று வரிவரியாகப் படித்தே, அதை எல்லைக்குள் அடக்கும் மாஸ்க் போட வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

2022 ஜூலையில் ரெட்பிளீட் என்ற புதிய தாக்குதல் வந்தது. சில ப்ராசஸர்களில் 'ரெட்' கட்டளையின் ஊகத்தையே திசைதிருப்ப முடியும் என்று தெரிந்தது. அன்று ராத்திரி நான் முதலில் திறந்தது அந்த அசெம்பிளி ஃபைலைத்தான்.