குடித்துப் பார்க்கும்போது கண்ணுக்கு என்ன வேலை?

கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆன்லைனில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். போன வாரம் எழுதி அனுப்பிய அரைப்பக்கக் கட்டுரை சிவப்புச் சிவப்பாகத் திரும்பி வந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து, போட்டிருந்தேன். (அம்மா இதை இன்னும் கஞ்சி என்றுதான் சொல்கிறாள்.)

பாதிக் குற்றம் கீபோர்டுடையது. ஒலியை அடித்து ஸ்பேஸைத் தட்டினால் போதும், கையால் எழுதவே வராத கான்ஜியெல்லாம் வந்து நிற்கும், கூடவே நமக்குப் பெருமையும். நன்றி சொல்லும் அரிகாதோவைக்கூடக் கான்ஜியில் எழுதியிருந்தேன். அங்கே அதைப் பெரும்பாலும் ஒலியை மட்டும் காட்டும் எழுத்தான ஹிரகானாவில்தான் எழுதுகிறார்கள்.

ஆசிரியை விளக்கியது எனக்குத் தமிழ் வழியாகத்தான் உறைத்தது. 'மிரு' என்றால் பார். படம் பார்ப்பதற்குக் கான்ஜி, அந்த எழுத்திலேயே மேலே கண், கீழே கால். ஆனால் 'தபேதே மிரு', அதாவது சாப்பிட்டுப் பார் என்னும்போது ஹிரகானா. அட, டிகிரி காபியைக் குடித்துப் பார் என்கிறோமே, அதில் கண்ணுக்கு என்ன வேலை? நம் துணைவினையேதான். 'ஒகு' என்றால் வை. மேஜையில் வை என்றால் கான்ஜி, டிக்கெட் வாங்கி வை என்றால் ஹிரகானா. 'குதசாய்' விஷயமும் அப்படித்தான், காபி கொடுங்கள் என்று கேட்கும்போது கான்ஜி, உட்காருங்கள் என்பதன் வாலாக வந்தால் ஹிரகானா. அரசு ஆவணங்களில் இதுதான் முறை, சொந்த மெயில்களில் அவ்வளவு கறார் கிடையாது.

சரி, எல்லாவற்றையும் ஹிரகானாவிலேயே எழுதிவிட்டால் என்ன? ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விடுவதில்லை. அம்மாவுக்குப் பல்வலி என்பதை முழுக்க ஹிரகானாவில் எழுதினால் 'ஹ' என்ற ஒரே எழுத்து நான்கு முறை வரிசையாக நிற்கும். வெள்ளத்தில் வரப்பு முங்கிய வயல் மாதிரி, எவன் நிலம் எங்கே முடிகிறதென்று தெரியாது. கான்ஜிதான் அங்கே வரப்பு.

அப்புறம்தான் தாத்தாவின் குறுவைக் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. தேதி போடும் இடத்தில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴ என்று ஒற்றைக் குறியாகப் போட்டிருப்பார், ஓரத்தில் புலம்பும்போது மட்டும் 'ரெண்டு வருஷமாத் தண்ணி சரியா வரலை' என்று முழுசாக எழுதியிருப்பார். யாரும் அவருக்குச் சிவப்பு மை அடிக்கவில்லை.

மாற்றி எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை ஒரே ஒரு வட்டம், 'கோதொ' மேல். அதற்கு விஷயம் என்று பொருள், கான்ஜியும் உண்டு. ஆனால் நான் எழுதியது 'பார்த்ததுண்டு' என்பதற்குள் வரும் கோதொ. அங்கே அப்படி ஒரு விஷயமும் இல்லையாம்.