இரண்டாவது எச்சரிக்கை

"நீங்க சொன்ன மாதிரியே ரெண்டாவது தடவையும் கத்துனேன் சாப்." ராணுவ மருத்துவமனையில் தோளில் கட்டுடன் படுத்திருந்த அந்தச் சிப்பாய் இதைக் குறையாகச் சொல்லவில்லை, என் காதில்தான் அது இன்றுவரை குறையாக ஒலிக்கிறது.

அதற்கு நான்கு மாதம் முன்பு, 2015 அக்டோபரில், தெற்குக் காஷ்மீரில் எங்கள் நாக்காவை, அதாவது சாலைச் சோதனைச் சாவடியை, நோக்கி இரவில் வந்த ஒரு வேன் டார்ச் சைகைக்கு நிற்கவில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடந்துவிடும். யோசிக்க எங்களுக்கு இருந்தது மூன்று நொடி. அந்தச் சிப்பாய் குறிவைத்துவிட்டான். நான் ரைஃபிளின் பேரலைக் கையால் தாழ்த்தி, இன்னொரு முறை கத்தச் சொன்னேன். ஆணிப் பட்டையில் ஏறி டயர் கிழிந்து வண்டி நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பிய ஆப்பிள் பெட்டிகள். ஓட்டிவந்த பெரியவர் நடுங்கிக்கொண்டே பிரேக்கை மிதித்துக் காட்டினார். அது எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போய் அங்கேயே கிடந்தது.

"சாப், உள்ள வெடி இருந்திருந்தா?"

"இல்லையே தம்பி" என்றேன். அது பதிலாகாது என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

முந்தைய ஆண்டு நவம்பரில், பட்காம் மாவட்டம் சத்தர்காமில், நிற்காத காரின் மீது ராணுவத்தினர் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ராணுவமே தவறை ஒப்புக்கொண்டது. ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பெரியவரின் உடலை இறக்கும் நிலை வராததற்காக நான் இன்றும் நிம்மதி அடைகிறேன். 1990ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் எச்சரித்த பின் சுட அதிகாரம் தருகிறது. எவ்வளவு எச்சரிக்கை தேவை என்பதை அங்கே பொறுப்பில் நிற்பவனின் முடிவுக்கு விடுகிறது. குறைந்தபட்ச பலத்தையே பயன்படுத்த வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இரண்டாவது முறை கத்துவது எந்த ஆணையிலும் இல்லை, அது நானாகச் சேர்த்தது.

நான்கு மாதம் கழித்து வேறொரு நாக்காவில், நிற்காத காரிலிருந்து வந்த குண்டு அந்தச் சிப்பாயின் வலது தோளில் பாய்ந்தது. அவன் இரண்டாவது முறை கத்தி முடிப்பதற்குள் சுட்டுவிட்டார்கள் என்றான் உடன் நின்றவன். முதல் எச்சரிக்கையோடு அவன் சுட்டிருந்தாலும் அந்தக் குண்டு வந்திருக்கலாம் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வதுண்டு. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் வெடிமருந்து ஏற்றிய வண்டி மோதி, மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் உயிரிழந்தபோது அந்தச் சமாதானமும் போய்விட்டது.

அவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. மாதம் ஒரு முறை பேசுகிறோம். அன்று நான் உன் பேரலைத் தாழ்த்தியது சரியா என்று கேட்டுவிடத்தான் ஒவ்வொரு முறையும் எண்ணை அழுத்துகிறேன். மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம்.