பொய்ப்பொருள்: அகராதியோடு ஓர் ஆட்டம்

அகராதியைப் புரட்டி, கூடியிருப்பவர்களில் எவருக்கும் தெரியாத ஒரு சொல்லை எடுத்து, அதற்கு ஆளுக்கொரு பொருளைக் கற்பித்து எழுதி, அவற்றோடு உண்மையான பொருளையும் கலந்து படித்து, எது மெய் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு எங்கள் வீட்டில் ‘பொய்ப்பொருள்’ என்று பெயர். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இது வெகுகாலமாகக் குடும்பங்களில் ஆடப்பட்டுவரும் ஆட்டம். பிபிசி தொலைக்காட்சி 1965இல் இதே அடிப்படையில் ‘கால் மை பிளஃப்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. கனடாவின் லாரா ராபின்சனும் பால் டாய்னும் 1984இல் இதைப் ‘பால்டர்டாஷ்’ என்ற பெயரில் அட்டைகளும் பெட்டியுமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் ஆடுவதற்குப் பெட்டி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் தமிழில் ஆடத் தொடங்கியதும் இந்த விளையாட்டின் தன்மையே மாறிவிடுகிறது. நம்பும்படியான ஒரு பொய்ப்பொருளை எழுத வேண்டுமானால், தமிழ்ச் சொல் எப்படி அமைகிறது என்பதும், அகராதி எந்த நடையில் பேசும் என்பதும் காதில் ஏறியிருக்க வேண்டும். அந்த இரண்டையும் இவ்வளவு இயல்பாகக் கற்றுத்தரும் வேறொரு வழியை நான் கண்டதில்லை.

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் தாழ்ந்தபின் உட்காருவோம். என் மாமனார், திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் சித்தி, என் மகள், அவளுடைய தோழியர், கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆகியோர் வழக்கமாக ஆடுபவர்கள். ஒரே அளவில் கத்தரித்த காகிதத் துண்டுகளும் ஒரே நிற மையுள்ள பேனாக்களும் போதும். சுற்றுக்கு ஒருவர் ‘அகராதிக்காரர்’. அவர் சொல்லைத் தேர்ந்து, உண்மைப் பொருளைத் தம் கையாலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, மற்றவர்களுடைய துண்டுகளை வாங்கி, கலைத்து, எல்லாவற்றையும் முதலில் மனத்துக்குள் ஒருமுறை படித்துவிட வேண்டும். பிறருடைய கையெழுத்தில் தடுமாறினால், தடுமாறாமல் படித்த துண்டுதான் மெய் என்று குழந்தைகள் உடனே பிடித்துவிடுவார்கள். மெய்யைக் கண்டவருக்கு இரண்டு புள்ளி. ஒருவர் எழுதிய பொய்யை எத்தனை பேர் நம்பினார்களோ அத்தனை புள்ளி எழுதியவருக்கு. எவரும் கண்டுபிடிக்காவிட்டால் அகராதிக்காரருக்கு மூன்று. கைப்பேசிகள் கீழே வீட்டில் இருக்கும். தமிழ்ப் பேரகராதியே இப்போது இணையத்தில் தேடக் கிடைப்பதால் இது கட்டாயம்.

ஒரு சுற்றைச் சொன்னால் ஆட்டத்தின் போக்கு விளங்கும். என் மாமனார் ‘சிச்சிலி’ என்ற சொல்லை எடுத்தார். வந்த துண்டுகளில் ஒன்று, சலங்கையின் உள்ளே இடும் சிறு உருண்டை என்றது. இன்னொன்று, கோயில் மணியின் நாக்கு என்றது. இரண்டும் சொல்லின் ஓசையிலிருந்து பிறந்தவை. மூன்றாவது, “அம்மைக் கொப்புளம் வடிந்தபின் தோன்றும் அரிப்பு (யாழ். அக.)” என்றிருந்தது. “ஒரு பறவை” என்று நான்காவது துண்டு சொன்னது. எல்லோரும் அம்மை அரிப்பையே மெய் என்று கொண்டார்கள். எழுதியவர் சித்தி. சிச்சிலி என்பது மீன்கொத்திப் பறவை. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் மின்கம்பியில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் அந்த மாடியில் எல்லோருமே. அதற்கு இப்படியொரு பெயர் உண்டு என்று அன்றுதான் அறிந்தோம்.

சித்தி வென்றதற்குக் காரணம் அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தச் சுருக்கம் மட்டுமல்ல. எங்களிடம் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. அது பொருளை முதலில் ஆங்கிலத்திலும் அடுத்துத் தமிழிலும் தந்து, சொல் எங்கே ஆளப்பட்டிருக்கிறது என்பதை, பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளில் பிங்கலந்தைக்குப் ‘பிங்.’, திவாகரத்துக்குத் ‘திவா.’, யாழ்ப்பாணத்து அகராதிக்கு ‘யாழ். அக.’ என்று சுருக்கிக் காட்டும். அதன் தமிழ்ப் பகுதி மிகக் கச்சிதமானது. மரவகை, பூடுவகை, மீன்வகை, மகளிர் விளையாட்டுவகை என்று ஓரிரு சொல்லில் முடித்துவிடும். புதிதாக ஆட வருபவர்கள் இதை அறியாமல், “பண்டைக் காலத்தில் அரசர்கள் போருக்குச் செல்லுமுன் தங்கள் வாளுக்குச் செய்த பூசை” என்பது போல அழகழகாக எழுதுவார்கள். ஒருவரும் நம்ப மாட்டார்கள். சில மாதங்கள் ஆடிய குழந்தையோ “அணிவகை” என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சொல்லை அளந்து செலவிடும் அந்த நடையை எந்தப் பாடமும் நடத்தாமல் அவர்கள் பெற்றுவிடுகிறார்கள்.

இந்த நகரத்தில் இருந்துகொண்டு இதை ஆடுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. வேப்பேரியில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் ஃபப்ரீஷியஸ் 1779இல் தம் தமிழ்-ஆங்கில அகராதியை இங்கே அச்சிட்டார். வின்சுலோவின் பெரிய அகராதி 1862இல் இங்கேதான் வெளிவந்தது. கடற்கரையைப் பார்த்து நிற்கும் பல்கலைக்கழகம், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் ஓர் அநுபந்தமாகவும் பேரகராதியைக் கொண்டுவந்தது. அதன் பெரும்பகுதி பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் உருவானது. தற்காலத் தமிழுக்கென்றே க்ரியா பதிப்பகம் 1992இல் வெளியிட்ட அகராதியும் சென்னையின் உழைப்பே. இத்தனை பேர் சொல் சொல்லாகத் தேடிச் சேர்த்த நூல்களை நாம் ஐயம் எழும்போது மட்டும் திறந்து உடனே மூடிவிடுகிறோம். பொய்ப்பொருள் ஆடுபவர்கள் எந்த ஐயமும் இல்லாமல், பக்கம் பக்கமாக, ஆசையோடு அகராதியைப் படிக்கிறார்கள். அடுத்த சுற்றுக்கு நல்ல சொல் வேண்டுமே.

நல்ல சொல் எது என்பது எளிய கேள்வியன்று. அரிதாக இருந்தால் மட்டும் போதாது. கேட்பவரைத் தவறான திசையில் அழைத்துச்செல்லும் உருவமும் அதற்கு வேண்டும். ‘எண்கு’ அத்தகைய சொல். கேட்டவுடன் எல்லோருடைய மனமும் எண்ணிக்கை, கணக்கு என்றே ஓடும். கணக்கர் கையில் வைத்திருக்கும் சிறு ஏடு என்றும், தானியத்தை அளக்கும்போது நினைவுக்கு ஒதுக்கிவைக்கும் காய் என்றும் எழுதினார்கள். எண்கு என்பது கரடி. ‘குறும்பூழ்’ காடை. ‘ஞெகிழி’ என்றதும் என் மகளின் தோழியர் நெகிழிப் பையை நினைத்து, வளையக்கூடிய பொருள்களையே வரிசையாக எழுதினார்கள்; அது கொள்ளிக்கட்டை. ஞகரத்தில் தொடங்கும் சொற்கள் இந்த ஆட்டத்துக்கென்றே காத்திருந்தவை போலிருக்கும். ஞமலி என்றால் நாய், ஞிமிறு என்றால் வண்டு. ஆனால் ஆசிரியர் இருக்கும்போது இவற்றை எடுக்க முடியாது. சங்கப் பாடல்களில் ஊறியவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்த சொல் வந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டு அந்தச் சுற்றில் ஊகிக்காமல் பொய்யை மட்டும் எழுதலாம் என்பது அவராகவே தமக்கு விதித்துக்கொண்ட முறை. அத்தகைய சுற்றுகளில் அவர் எழுதும் பொய்கள்தாம் மிகவும் அபாயமானவை.

எங்களுக்கு ஒரு வழக்கு அடிக்கடி வரும். ‘எகினம்’ என்ற சொல்லுக்கு அகராதிக்காரர் அன்னம் என்ற பொருளைப் படித்தார். பொய்யென்று நினைத்து மரவகை என்று எழுதிய பெண், பிறகு அகராதியை வாங்கிப் பார்த்தபோது, அதே சொல் நாயையும் கவரிமானையும் புளியமரத்தையும் குறிக்கும் என்று கண்டாள். புள்ளி யாருக்கு? நீண்ட வாதத்துக்குப் பின், அகராதியில் உள்ள எந்தப் பொருளைத் தொட்டாலும் முழுப் புள்ளி என்று முடிவாயிற்று. நம் நிகண்டுகளில் ‘ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. உரிச்சொல் போல மனப்பாடம் செய்யவேண்டிய பகுதியென்று பள்ளியில் ஒதுக்கிவிட்டதை, புள்ளிக்காக ஒரு பதின்மூன்று வயதுப் பெண் விரலால் வரி வரியாகத் தடவிப் படிப்பதைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தவை, மெய்யே பொய்யைப் போல ஒலிக்கும் சுற்றுகள். அசுணம் என்பது இசையை அறியும் ஓர் உயிர். யாழிசையில் மயங்கி நிற்கும், அப்போது பறையொலி கேட்டால் உயிர்விடும் என்று பழந்தமிழ் மரபு சொல்கிறது. நற்றிணையின் 304ஆம் பாடலில் மாறோக்கத்து நப்பசலையார், தலைவனின் மார்பு கூடும்போது இன்பமும் பிரியும்போது துன்பமும் தருவதை, அசுணத்தைக் கொல்பவரின் கைக்கு ஒப்பிடுகிறார்: முதலில் இசைத்து மகிழ்விப்பதும் அடுத்துக் கொல்வதும் அதே கை. நான் இந்தப் பொருளை எவ்வளவு உணர்ச்சியின்றிப் படித்தும், “இவ்வளவு நீளமான கதையை யாரோ உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க” என்று எல்லோரும் தள்ளிவிட்டார்கள். ‘சுண்ணாம்புச் சாந்து’ என்பதற்கு அத்தனை பேரும் கைதூக்கினார்கள். பொருளைச் சொன்னதும் மாடியில் வாதம் நின்றுபோய், அந்தப் பாடலைச் சொல்லும்படி ஆசிரியரைக் கேட்டார்கள். அவர் அதைச் சொன்னதோடு நிறுத்தாமல், இடையே ஒரு பூ வந்து பிரித்தாலும் ஓராண்டு கழிந்தது போலத் துயருறும் மகன்றில் பறவையைப் பற்றிய குறுந்தொகைப் பாட்டையும் சொன்னார். அன்று அதற்குமேல் புள்ளிக் கணக்கை எவரும் கேட்கவில்லை. ஒரு பொருளை முதலில் நம்ப மறுத்து, பிறகு அதுதான் மெய்யென்று அறியும்போது ஏற்படும் வியப்பு, சொல்லை ஒரேயடியாக மனத்தில் பதித்துவிடுகிறது. அசுணத்தை அந்தக் குழந்தைகள் இனி மறக்க மாட்டார்கள்.

ஆனால் இதே வலிமை பொய்க்கும் உண்டு. சிச்சிலிச் சுற்று முடிந்து வெகுநாள் கழித்து, கொசுக்கடியைச் சொறிந்துகொண்டிருந்த என் மகள், “அம்மா, இதுக்குத்தானே சிச்சிலின்னு பேரு?” என்று கேட்டாள். மீன்கொத்தி போய்விட்டது, அரிப்பு நின்றுவிட்டது. இதை நான் சிறியதாக நினைக்கவில்லை. அச்சிட்ட அகராதிகளிலேயே இல்லாத சொற்கள் குடியேறிய வரலாறு உண்டு. 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில், அடர்த்தி என்ற பொருளோடு ‘டோர்ட்’ என்று ஒரு சொல் இடம்பெற்றது. பெரிய டி எழுத்தோ சிறிய டி எழுத்தோ (D or d) அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கமாகும் என்று எழுதி அனுப்பிய துண்டுச்சீட்டை ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939இல் அந்த அகராதியின் பதிப்பாசிரியர் ஒருவர் கண்டுபிடிக்கும்வரை அது நிலைத்திருந்தது. அதன் பிறகும் 1947 வரை அச்சிலிருந்து மறையவில்லை. ஆதாரமற்ற சொற்பொருள் விளக்கங்கள் தமிழின் பெயரால் கைப்பேசிக் குழுக்களில் நாள்தோறும் சுற்றும் காலத்தில், நாமும் நம் பங்குக்குச் சிலவற்றை வெளியே அனுப்பக் கூடாது. ஆகவே இப்போது ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அகராதிக்காரர் உண்மைப் பதிவை மேற்கோள் நூலோடு இருமுறை உரக்கப் படிக்கிறார். குழந்தைகள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பொய்த் துண்டுகளை அங்கேயே கிழித்துவிடுகிறோம். நல்ல பொய்களைக் கிழிக்கும்போது சித்திக்கு வருத்தம்தான்.

சொல்லைக் கொண்டு மறைத்து ஆடுவது நமக்குப் புதியதன்று. விடுகதையைத் தொல்காப்பியம் ‘பிசி’ என்று பெயரிட்டு இலக்கிய வகைகளில் ஒன்றாகவே வைத்து இலக்கணம் சொல்கிறது. பிசியில் சொல் மறைந்திருக்கும், அதைத் தேடுவோம். எங்கள் ஆட்டத்தில் சொல் வெளியே நிற்கும், பொருளைத் தேடுவோம்.

இப்போது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. ஒரு நாள் சித்தி அகராதியைத் திறக்காமலே ‘தார்சா’ என்ற சொல்லைக் கொடுத்தார். பாய்மரக் கயிறு, உருதுக் கவிதை வகை, குதிரைச் சேணத்தின் வார் என்றெல்லாம் சென்னைப் பிள்ளைகள் எழுதினார்கள். திருநெல்வேலி வீடுகளில் முன்கூடத்துக்கு அதுதான் பெயர். அகராதியில் காட்ட முடியாத சொல்லை ஏற்கக் கூடாது, நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதையும் ‘எங்கள் ஊர் வழக்கு’ என்று சொல்லிவிடலாம் என்கிறார் ஆசிரியர். அவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் சித்தியின் பக்கம். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தேடித் தொகுத்து 1982இல் அகராதியாக்கியிராவிட்டால் அவற்றில் பலவும் இப்படித்தான் ஆதாரமற்றவையாக நின்றிருக்கும். ஊர்ச்சொல்லைக் கொடுப்பவர், அதே ஊர்க்காரர் இன்னொருவரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி பொருளைச் சொல்லவைக்க வேண்டும் என்று நான் ஒரு விதியை முன்வைத்திருக்கிறேன். ஆசிரியர் ஒருவர் போதாது, இருவர் வேண்டும் என்கிறார். சித்தி தம் தங்கைகள் இருவரிடமும் வரும் ஞாயிறு மாலை தொலைபேசிக்கு அருகிலேயே இருக்கும்படி சொல்லிவைத்துவிட்டார்.