கண்ணுக்குள் ஊசி: கொழும்பில் அம்மாவோடு நான் அலைந்த கதை

அம்மாவின் வலது கண்ணில் பார்வை ஓரளவு திரும்பிவிட்டது. ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள ஒருவராவது இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. உங்களில் யாராவது இதே வழியால் போக நேர்ந்தால் நான் அலைந்ததில் பாதியாவது உங்களுக்குக் குறையட்டும்.

தொடக்கமே கண்ணாடிக் கடையில்தான் பிழையாகப் போனது. பேப்பர் வாசிக்கும்போது வரி வளைந்து தெரிகிறது, ஆளின் முகத்தைப் பார்த்தால் நடுப்பகுதி மங்கலாக இருக்கிறது என்று அம்மா சொன்னார். காலி வீதியில் ஒரு கடையில் பார்வை சோதித்துப் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். அது சரிவரவில்லை என்று திரும்பப் போக, இன்னொரு நம்பரில் இன்னொரு கண்ணாடி. சீனி எவ்வளவு காலமாக இருக்கிறது, கண்ணின் பின்பக்கத்தை யாராவது பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேல்வீட்டு அன்ரி வேறு, "அது கற்றாக்ட்தான் பிள்ளை, எடுத்தால் பளிச்சென்று தெரியும்" என்று தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார். கற்றாக்டில், அதாவது கண்புரையில், எல்லாமே மங்கும், வரி வளையாது. வளைந்து தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியான மக்யூலாவில்தான் முதலில் சந்தேகம் வரவேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியையோ தரை டைல் கோட்டையோ பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும், மாதக்கணக்கில் தெரியாது.

விழித்திரைக்கென்றே இருக்கும் டொக்டரைச் சனல் பண்ணினேன், அதாவது பார்க்க நேரம் பதிந்தேன். பொதுவான கண் டொக்டரிடம் முதலில் போய் அங்கிருந்து அனுப்பப்படுவதை விட இது நேர்வழி. விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.ரி ஸ்கேன் எடுத்தார்கள், கண்ணில் எதுவும் படாது, சில நிமிட வேலை. டொக்டர் படத்தைத் திருப்பிக் காட்டி விளக்கினார். வருடக்கணக்கில் சீனி கூடி இருந்ததால் விழித்திரையின் சிறு இரத்தக் குழாய்கள் பழுதாகி நீர் கசிகிறது, வலது கண்ணின் மக்யூலா மழைக்கு ஊறிய சுவர் மாதிரி வீங்கிப் போயிருக்கிறது. பார்வை 6/24, அதாவது நல்ல கண் 24 மீற்றரில் வாசிப்பதை அம்மா 6 மீற்றரில்தான் வாசிக்கிறார். இடது கண்ணில் நடுப்பகுதி பரவாயில்லை, ஆனால் ஓரங்களில் இரத்தம் போகாத இடங்கள் இருப்பதால் அங்கே புதுக் குழாய்கள் முளைத்திருக்கின்றன. அவை மெல்லியவை, எந்த நேரமும் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கொட்டலாம், தழும்பாகி விழித்திரையைப் பிடித்து இழுக்கலாம். ஒரே ஆளின் இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதமான வைத்தியம்: வலதுக்கு ஊசி, இடதுக்கு லேசர். அதற்கு முன் சாயம் ஏற்றி எடுக்கும் படம் ஒன்று வேண்டும் என்றார், எப்.எப்.ஏ.

இங்கேதான் சனி பிடித்தது. அந்தப் படம் எடுக்கும் இடத்துக்குப் போன் பண்ணி என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். "டொக்டர் எழுதித் தந்த துண்டைக் கொண்டு வாங்கோ, போதும்" என்றார் பேசியவர். துண்டோடு போனோம், காசு கட்டினோம், நேர்ஸ் வந்து கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தும் விட்டார். விட்டு அரை மணித்தியாலம் கழித்து உள்ளே கூப்பிட்ட பிறகுதான் கவுண்டர்த் தம்பி கேட்கிறார், "கிரியட்டினின் ரிப்போர்ட் எங்கே? ஒவ்வாமை இல்லையென்று பிசிஷியனின் கடிதம் எங்கே?" கிரியட்டினின் என்பது சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை. அந்தச் சாயம் கை நரம்பால் ஏறிச் சிறுநீரகத்தால் வெளியேறுவது, சீனி வருத்தக்காரருக்கு அதைக் கேட்பது நியாயம்தான். ஆனால் அதைப் போனில் சொல்லியிருக்கலாம், சொட்டு விடுவதற்கு முன்னாவது கேட்டிருக்கலாம். நான் சத்தம் போட்டதும் அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு "அது எங்கள் செக்ஷன் இல்லை அக்கா" என்றார். கட்டிய காசைத் திருப்பித் தரவும் வேறு ஒரு மாடி, வேறு ஒரு வரிசை. அந்தச் சொட்டு நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் வேலை செய்யும், உச்சி வெயிலில் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட்டோவில் வெள்ளவத்தை வரை வந்தார். கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். படம் எடுக்கிற நாளுக்கு இன்னொரு விஷயம்: சாயம் ஏற்றியதும் தோல் கொஞ்சம் மஞ்சளாகும், சிறுநீர் ஒரு நாளுக்குச் செம்மஞ்சளாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வயதானவர்கள் ஈரலுக்கு ஏதோ வந்துவிட்டது என்று பதறிவிடுவார்கள். அடுத்த தடவை எல்லாக் கடிதங்களோடும் போனோம், படம் வந்தது.

இதற்குள் இன்னொரு டொக்டரின் அபிப்பிராயமும் கேட்கலாம் என்று நினைத்தோம். ஓ.சி.ரி எடுத்த இடத்தில் கொடுத்தது ஒரேயொரு தாள், அதிலும் மையில் சிக்கனம், நிறப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருந்தார்கள். எங்கே வீக்கம் என்று நிறத்தால் காட்டுகிற படம் முழுக்கச் சாம்பல். இரண்டாவது டொக்டர் அதைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார், "இதை வைத்து நான் ஒன்றும் சொல்ல ஏலாது." திரும்ப ஸ்கேன், திரும்பக் காசு. அதுவும் வேறு மெஷின் என்பதால் தடிப்பின் அளவு முதல் வந்ததோடு ஒத்துப்போகவில்லை, எங்களுக்கு வீக்கம் கூடிவிட்டதோ என்று நெஞ்சு அடித்தது. மெஷினுக்கு மெஷின் மைக்ரோன் கணக்கு மாறும் என்று அவர்தான் விளங்கப்படுத்தினார். ஆகவே ஒரே இடத்தில் ஒரே மெஷினில் தொடர்ந்து எடுங்கள். ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் முழு ஸ்கேனையும் சீடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். "அப்படிக் கொடுப்பதில்லை" என்பார்கள். மேலாளரைக் கூப்பிடச் சொன்னால் கொடுப்பார்கள், எனக்குக் கொடுத்தார்கள்.

மருந்தைத் தெரிவு செய்வது பெரிய கதை. டொக்டர் சொன்னது ஐலியா என்ற ஊசி. கனடாவில் இருக்கும் அண்ணா வட்ஸ்அப்பில் பாதி டொக்டர் ஆகிவிட்டார், "அவாஸ்டின் போட்டால் மலிவு, ஏன் ஐலியா?" என்று இரவிரவாகக் கேள்வி. கேள்வி பிழையில்லை. இந்த ஊசிகள் எல்லாமே விஈஜிஎப் என்ற புரதத்தை அடக்குபவை. அதுதான் குழாய்களைக் கசிய வைப்பதும் புதிதாக முளைக்க வைப்பதும். அவாஸ்டின் 2004இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து, கண்ணுக்கு மிகச் சிறிய அளவு போதும் என்பதால் ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கிறார்கள், அதனால்தான் மலிவு. லூசென்டிஸும் ஐலியாவும் கண்ணுக்கென்றே வந்தவை, வபிஸ்மோ அவற்றுக்குப் பிறகு 2022இல் வந்தது. 2015இல் அமெரிக்காவில் அவாஸ்டின், லூசென்டிஸ், ஐலியா மூன்றையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், பார்வை அவ்வளவு மோசமாகாதவர்களுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பலன். பார்வை 6/15 அல்லது அதைவிடக் குறைந்தவர்களுக்கு முதல் வருடத்தில் ஐலியா முந்தியது. அம்மா 6/24. டொக்டர் இதைச் சொன்னதும் அண்ணாவுக்கு அப்படியே அனுப்பினேன், அதற்குப் பிறகுதான் மனிதர் அமைதியானார், காசும் அனுப்பினார்.

அவாஸ்டின் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உலகம் முழுக்க எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்த மருந்து அது, வசதி இல்லாதவர்களுக்கு அதுதான் கதி. ஆனால் எங்கே, யார் பிரிக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். 2023இல் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் அப்படிப் பிரித்துக் கொடுத்த ஊசியால் பலருக்குப் பார்வை போனது. அதே வருடம் எங்கள் நாட்டிலும் கற்றாக்ட் சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுத்த பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தால் பிரச்சினை வந்தது, அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அம்மா அதை வைத்துத்தான் "கண்ணுக்கு ஒன்றும் வேண்டாம், இருக்கிறது போதும்" என்று அடம்பிடித்தார். அவருடைய பயத்தை அசட்டுப் பயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பெட்டி எங்கள் முன்னால் திறக்கப்படும், தொகுதி இலக்கம் உள்ள ஸ்டிக்கரைக் கொப்பியில் ஒட்டித் தருவோம் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அந்த ஸ்டிக்கரை நீங்களும் கேளுங்கள். மருந்தை நீங்களே பார்மசியில் வாங்கிக்கொண்டு போவதானால் ஐஸ் பையோடு போங்கள், 2 முதல் 8 பாகை வரைதான் வைத்திருக்க வேண்டும், கொழும்பு ட்ராஃபிக்கில் சும்மா பையில் கொண்டுபோகிற சாமான் இல்லை.

ஊசி போடும் நாளில் அம்மாவின் கையில் கொடுத்த சம்மதப் பத்திரம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழில் இல்லையா என்று கேட்டதற்கு "முடிந்துவிட்டது" என்றார்கள், எப்போதாவது இருந்ததா என்பது வேறு விஷயம். அம்மாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவசரப்படுத்தினார்கள். கண் அவருடையது. கடைசியில் ஒரு சிங்கள நேர்ஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் "அம்மா, பயம் வேண்டாம், சின்ன ஊசி, வலி இல்லை" என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் நல்லாயிருக்க வேண்டும்.

ஊசி என்னவோ ஒரு நிமிட வேலை. மரக்கச் செய்யும் சொட்டு, அயடின் கழுவல், வெள்ளை முழியில் ஒரு குத்து, முடிந்தது. அன்றிரவு அயடினால் கண் எரிந்தது, வெள்ளையில் ஒரு இரத்தத் திட்டு, பார்வையில் கறுப்புக் குமிழ்கள் மிதந்தன. இவை ஓரிரு நாளில் குறைகிற சங்கதி, இரத்தத் திட்டு மட்டும் கொஞ்சம் கூட நாள் எடுக்கும். பயப்பட வேண்டியது வேறு: அடுத்த நாட்களில் வலி கூடிக்கொண்டே போவது, கண் மேலும் சிவப்பது, பார்வை இறங்குவது. அது உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம், மணித்தியாலக் கணக்கில் கண்ணைக் கெடுக்கும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எங்களுக்குத் துண்டில் எழுதித் தந்த "அவசர" இலக்கத்துக்கு இரவில் அடித்துப் பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதனால் அடுத்த ஊசிக்கு முன்னமே டொக்டரிடம் நேரே கேட்டு, இரவில் ஏதும் என்றால் எங்கே போவது என்று எழுதி வாங்கினேன். மின்னல் மாதிரி வெளிச்சம் அடிப்பது, திடீரென்று புள்ளிகள் கொட்டுவது, பக்கத்தில் திரை விழுவது போல் இருள் வருவது, இவையும் அதே அவசரம்தான், விழித்திரை கழன்றிருக்கலாம்.

இன்சூரன்ஸ் கதை இல்லாமல் முடியுமா? என் வேலைத்தலத்துக் காப்புறுதியில் அம்மாவும் இருக்கிறார். முதல் பதில்: ஒரு இரவு தங்கவில்லை, ஆகவே இது வெளிநோயாளர் சிகிச்சை, காசு இல்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில், தொப்பி மாஸ்க் போட்டு, சம்மதப் பத்திரம் வாங்கிச் செய்தது வெளிநோயாளர் சிகிச்சையாம். பொலிசிப் புத்தகத்தைக் கிண்டினேன், ஒரே நாளில் வீடு திரும்பும் சத்திரசிகிச்சைகள் என்று ஒரு பக்கம் இருந்தது, கற்றாக்டும் அதில் இருந்தது. டொக்டரிடம் போய், கண்ணுக்குள் செய்யும் இந்தச் சிகிச்சை சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டுமே செய்யப்பட்டது, இரவு தங்குவது மருத்துவ ரீதியில் தேவையில்லை என்று கடிதம் வாங்கி, ஒறிஜினல் பற்றுச்சீட்டுகளோடு மேன்முறையீடு போட்டேன். மருந்துக் காசும் கூடத்துக் காசும் வந்தது, ஸ்கேன் காசு வரவில்லை. அந்தக் கிளார்க் என்னைப் பார்த்தாலே இப்போது எழும்பி உள்ளே போய்விடுகிறார். ஒறிஜினலைக் கொடுக்க முன் போட்டோ கொப்பி எடுங்கள், கொடுத்ததற்கு கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள்.

இடது கண் லேசரை லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்திலுள்ள தேசிய கண் ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்தோம், விடியவே போய் நம்பர் எடுத்தது தவிர சொல்ல ஒன்றுமில்லை. லேசர் பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காப்பாற்றும். இருட்டில் பார்வை கொஞ்சம் குறையலாம், அதை முன்னமே வீட்டில் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "லேசர் போட்டுக் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள்" என்று தொடங்கும்.

அம்மாவின் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. அதில் பயோகிளிட்டசோன் இருந்தது, அது உடம்பில் நீர் தேங்க வைக்கும், மக்யூலா வீக்கத்துக்கும் உகந்ததல்ல என்று கண் டொக்டர் பிசிஷியனுக்குக் கடிதம் எழுத, அவர் மாற்றிக் கொடுத்தார். நாங்களாக நிறுத்தவில்லை. அண்மையில் பாரிசவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் ஊசிக்கு முன் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஐலியா ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒன்றாக ஐந்து, பிறகு மக்யூலாவில் நீர் வற்றியிருந்தால் இடைவெளியைக் கூட்டுவார்கள். ஒன்றிரண்டு போட்டதும் தெளிவாகத் தெரிகிறதே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், மருந்தின் வேகம் குறைந்ததும் வீக்கம் திரும்ப வரும். செலவைக் கணக்குப் போடும்போது ஒரு ஊசியின் விலையைக் கேட்காமல் ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள், கட்ட முடியாவிட்டால் அதை முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்பார். எங்களுக்கு இப்போது 6/12. அடுத்த ஓ.சி.ரி திங்கட்கிழமை, அதே மெஷினில், நிறத்தில் அச்சடித்துத் தருவதாக நேற்றே போனில் ஒத்துக்கொண்டார்கள், பேசியவரின் பெயரையும் குறித்து வைத்திருக்கிறேன்.