மழையில் ஏறி இறங்கும் எண்

மழை பெய்தால் எங்கள் மொட்டைமாடியில் கதிர்வீச்சு கூடும். காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன், பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். மாடிப்படிக்கு மேலே, கதிர்வீச்சைத் துடிப்பு துடிப்பாக எண்ணும் ஒரு கெய்கர் கருவி இரவும் பகலும் ஓடுகிறது. சாதாரண நாளில் நிமிடத்துக்கு 36 துடிப்பு காட்டும். கோடைமழை கொட்டினால் 50ஐத் தாண்டும். மழை விட்டு ஓரிரு மணி நேரத்தில் பழைய எண்ணுக்கு இறங்கிவிடும். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் உடனே கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சந்தேகிப்பார்கள்.

காரணம் காலடியில்தான் இருக்கிறது. பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு தரையிலிருந்து கசிந்துகொண்டே இருக்கிறது. அதன் வழிவந்த ஈயம்-214, பிஸ்மத்-214 என்ற கதிரியக்கத் தனிமங்கள் இரண்டும் காற்றுத் தூசியில் ஒட்டி மிதக்கும். மழை அவற்றைக் கழுவிக் கீழே கொண்டுவரும். ஸ்கூட்டர் சீட்டில் முத்து முத்தாக நிற்கும் மழைநீரை மெல்லிய காகிதத்தால் ஒற்றியெடுத்து, நான்காக மடித்துக் கருவிக் குழாயின் மேல் வைத்துப் பாருங்கள். துடிப்பு சடசடவென்று ஏறும். அரை ஆயுள், அதாவது பாதியாகத் தேய ஆகும் நேரம், இந்த ஈயத்துக்கு 27 நிமிடம், பிஸ்மத்துக்கு 20. அரை மணிக்கு ஒரு முறை குறித்தால், ஏறிய அளவு ஏறக்குறைய பாதி பாதியாகத் தேய்வது தெரியும். அந்த வரைபடத்தை மாணவர்கள் தங்கள் கையால் போடும்போது எனக்கு வரும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அணு உலை விபத்தில் பறந்துவரும் சீசியம்-137 இப்படி மறைந்துவிடாது. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. எனவே எண் ஏறினால் நான் பதறுவதில்லை. இறங்குகிறதா என்று பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.

செர்னோபில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. 28ஆம் தேதி காலை, சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணி சோதனைக் கருவியை அலறவைத்தது. முதலில் தங்கள் உலையில்தான் கசிவு என்று பயந்தார்கள். காலணியில் ஒட்டியிருந்த தனிமங்களும் காற்று வந்த திசையும் சோவியத் பக்கம் கைகாட்டின. அன்று மாலைதான் மாஸ்கோ ஒப்புக்கொண்டது. அந்த மேகம் மழையாக இறங்கிய வேல்ஸ் மலைகளில் ஆடு விற்பனைக்கு இருந்த கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது 2012இல்.

அன்றாட எண் தெரியாத ஊரில் கருவி இருந்தும் பயனில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல் பூமி. குவாரிப் பக்கம் போனால் எங்கள் மாடியின் கணக்கே செல்லாது. போதாக்குறைக்கு, துடிப்புகள் தாறுமாறாக வருபவை. 36 துடிப்பில் ஆறு கூடுவதும் குறைவதும் இயல்பு. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "42 ஆகிவிட்டது!" என்று செய்தி பரப்புவது அநியாயம். ஒரு மணி நேரம் எண்ணினால் 2,160. அதில் ஊசலாட்டம் ஏறத்தாழ 46தான், இரண்டு சதவீதம். தொலைவிலிருந்து வரும் சிறு மாற்றம் அப்போதுதான் கண்ணில் படும். அதனால் மணிக்கணக்கு, மழை, காற்றின் திசை மூன்றையும் நோட்டில் எழுதுகிறோம். வடகிழக்குப் பருவத்தில் திசைக் கட்டத்தை விடவே கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கல்பாக்கம் எங்களுக்கு நேர் கிழக்கே இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். "டீச்சரம்மா, அப்படி ஏதாவது வந்தால் பாலில் இருக்கிறதா என்று உங்கள் மெஷின் சொல்லுமா?" என்று கேட்டார். சொல்லாது. எந்தத் தனிமம் என்று பிரித்தறிய ஈயக் கவசத்துக்குள் வைத்த ஜெர்மானியம் கருவி வேண்டும். ஆனால் அவர் கேட்டது மிகச் சரியான இடத்தில். அணு உலை விபத்தில் வெளிவரும் அயோடின்-131 புல்லில் விழும், மாடு மேயும், பால் வழியாகக் குழந்தையின் தைராய்டில் போய்ச் சேரும். 1957இல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பின் பாலைக் கொட்டினார்கள். செர்னோபிலைச் சுற்றிப் பாலை உடனே நிறுத்தாததால் எத்தனையோ குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. தடுத்திருக்கக்கூடிய நோய் அது என்பதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

"அப்படியானால் மாட்டை என்ன செய்வது?" என்றார். மேய்ச்சலுக்கு விடாமல் கொட்டகையில் கட்டுங்கள், தார்ப்பாய் போட்டு மூடிய போரிலிருந்து ராகித் தாளைப் போடுங்கள், போர்வெல் தண்ணீரைக் காட்டுங்கள் என்றேன். அயோடின் எட்டு நாளுக்கு ஒரு முறை பாதியாகும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவரைக்கும் தாள் போதுமா என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்தார்.